லயத்துக்கு லெக்சர் வேண்டாம், ஆள் வேணும்

ஏ/எல் ரிசல்ட் வந்தவுடனே நம்ம பக்கத்துல ஒரு கணக்கு ஓடும். பயோ செஞ்ச பிள்ளைன்னா முதல்ல டாக்டர். கட் அவுட் பத்தலையா, நர்சிங். அதுவும் சரி வரலையா, டீச்சிங். கடைசியா வெளிநாடு, இல்லாட்டி கொழும்பு. இந்தக் கணக்குக்கு நடுவுல ஒரு பிள்ளை எழும்பி, "நான் சுகாதாரக் கல்வி, சுகாதார மேம்பாடு பக்கம் போகப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு மாமாவோ சித்தப்பாவோ கேட்பார்: "அது என்னது? கை கழுவச் சொல்லிக் குடுக்குற வேலையா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியோடுதான் சண்டை போடுது. ஆனால் கேட்ட மாமா மேல எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் இத்தனை வருஷமா கண்ணால பார்த்த சுகாதாரக் கல்வி அப்படித்தான் இருந்தது. அதை அந்த நிலைக்குக் கொண்டு வந்தவங்க மேலதான் கோபம்.

நான் சொல்ல வருவது இதுதான். மாத்தளைத் தோட்டங்களில் சுகாதாரக் கல்வி ஒரு முழுநேர, படித்த, சம்பளம் உள்ள தொழிலாக ஒழுங்காக நடந்ததே இல்லை. அட்வைஸாக வந்தது, கேம்பாக வந்தது, புரொஜெக்டாக வந்தது. தொழிலாக வரவில்லை. அதைத் தொழிலாக எடுத்துச் செய்ய நம்ம பிள்ளைகள் போகவேண்டும். போறதுக்கான கதவைத் திறக்கச் சொல்லி நாம சத்தமும் போடவேண்டும்.

பால், முட்டை, மீன், கீரை

தோட்டத்தில் நடக்கிற ஒரு வழமையான சுகாதாரக் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. ரத்தோட்டைப் பக்கமோ உக்குவளைப் பக்கமோ, எந்தத் தோட்டமானாலும் காட்சி ஒண்ணுதான். ஹோல்ல ஒரு பேனர். முன் வரிசையில் பிளாஸ்டிக் கதிரை. வந்தவர் மைக்கைப் பிடித்துச் சொல்வார்: பிள்ளைக்குப் பால் குடுங்க, முட்டை குடுங்க, மீன் குடுங்க, கீரை குடுங்க. தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க. சுற்றாடலைச் சுத்தமா வச்சிருங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். ஃபோட்டோ எடுப்பாங்க. பிஸ்கட்டும் பிளேன்டியும் குடுப்பாங்க. முடிஞ்சது.

சொன்னதில் ஒண்ணுகூடப் பொய் இல்லை. எல்லாம் சரியான விஷயம். ஆனால் யாரிடம் சொல்லப்படுது என்று பாருங்க. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அதுவும் முழுப் பேர் விழுந்தால். கொழுந்து கிலோ குறைஞ்சு அரைப் பேர் விழுந்த நாளில் அந்தக் கணக்கும் கிடையாது. அஞ்சு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு முட்டை, ஒரு கப் பால் என்றால் என்ன மிஞ்சும் என்பதை அந்தத் தாய் மைக் பிடிச்சவரைவிட நல்லாவே கணக்குப் பார்ப்பாள். கிளினிக்கில் ஒரு பிள்ளைக்கென்று குடுத்த திரிபோஷா ஏன் வீட்டில் நாலு பேருக்குப் பங்காகுது என்பதற்கும் அதே கணக்குத்தான் காரணம். அதை "அறியாமை"ன்னு எழுதி வைப்பது சுலபம்.

தாய்ப்பால் விஷயத்தை எடுங்க. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் என்பது அறிவுரை. சட்டம் தருகிற பிரசவ லீவோ 12 வாரம். மிச்ச மூணு மாசம் அந்தத் தாய் மலையில கொழுந்து எடுக்கிறாள், பிள்ளை பிள்ளைக்காம்பராவில் கிடக்குது. மலைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் இடையில் எத்தனை படி, எத்தனை நிமிஷம்? ஒரு வயசுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்திலேயே இடைவேளை தரவேண்டும் என்று இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்லுது. இதை எந்தக் கூட்டத்திலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? "தாய்ப்பால் குடுங்க" என்று தாயிடம் சொல்ல ஆள் இருக்கு. "இடைவேளை குடுங்க" என்று நிர்வாகத்திடம் சொல்ல ஆள் இல்லை. அந்த இரண்டாவது வேலையும் சேர்ந்ததுதான் சுகாதார மேம்பாடு.

இது என்னுடைய கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்லை. 1986இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு ஒரு சாசனம் வெளியிட்டது. சுகாதார மேம்பாடு படிக்கிற எவரும் முதல் பாடமாகப் படிப்பது அதைத்தான். அதில் ஐந்து வேலைகள் சொல்லப்பட்டன: ஆரோக்கியத்துக்கு ஏற்ற அரச கொள்கை, ஆரோக்கியத்துக்கு ஏற்ற சூழல், சமூகமாகச் சேர்ந்து செயற்படுவது, தனி மனிதரின் அறிவையும் திறனையும் வளர்ப்பது, வைத்திய சேவையை நோய்த் தடுப்பின் பக்கம் திருப்புவது. ஐந்தில் ஒன்றுதான் ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பது. நம்ம தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒன்று மட்டும். அதிலும் பாதி.

விளைவு இலக்கத்தில் இருக்கு. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம். தோட்டத் துறையில் 31.7 வீதம். மூணு பிள்ளைகளில் கிட்டத்தட்ட ஒரு பிள்ளை. பேனர் கட்டி லெக்சர் அடிச்சுச் சரியாகிற விஷயமா இருந்தால் இது எப்பவோ சரியாகி இருக்கும்.

பாடம் நம்ம உடம்பில், பலன் வேற ஊரில்

மாத்தளைக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. நம்ம ஆட்களுக்கே அது அதிகம் தெரியாது.

1840களில் கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியா நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், பட்டினி என்று வழியெல்லாம் செத்தார்கள். எத்தனை பேர் என்பதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு கணக்கு இன்றுவரை இல்லை. செத்தவர்களை எண்ணுகிற அளவுக்கு யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. 2023இல் மலையகம் 200ஐ ஒட்டி யூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் வந்து முடிந்தது அந்த வழியை நினைச்சுத்தான்.

அதற்குப் பிறகு வந்த கதை இன்னும் முக்கியம். 1910களில் அமெரிக்காவின் றொக்ஃபெல்லர் நிறுவனம் உலகம் முழுக்கக் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. இலங்கையில் அந்த வேலை 1916இல் ஆரம்பமானது மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில்தான். கொக்கிப்புழு என்ன செய்யும் தெரியுமா? மலம் கலந்த மண்ணில் அதன் குஞ்சு இருக்கும். வெறுங்காலில் நடக்கிறவரின் தோல் வழியாக உள்ளே போகும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளிறிப் போவான், மூச்சு வாங்கும், வேலை செய்ய ஏலாது. அமெரிக்காவின் தென் பகுதியில் இதே புழுவுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் "சோம்பல் கிருமி". இரத்தம் இல்லாமல் சோர்ந்தவனைச் சோம்பேறி என்று திட்டுவது எல்லா நாட்டு முதலாளிக்கும் கை வந்த கலை.

மாத்தளையில் என்ன நடந்தது? மருந்து கொடுத்தார்கள். புழு செத்தது. ஆனால் கக்கூஸ் இல்லை. ஆட்கள் திரும்பவும் அதே தேயிலைக்குள், அதே றப்பர் மரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். திரும்பவும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார்கள். திரும்பவும் புழு வந்தது. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கக்கூஸ் கட்டவேண்டும், ஆட்களோடு உட்கார்ந்து பேசவேண்டும் என்பது சீக்கிரமே தெளிவாகிவிட்டது. ஆனால் கக்கூஸ் கட்டக் காசு வேணும். தொழிலாளி நல்லா உழைப்பான் என்று சொன்னபோது மருந்துக்குத் தலையாட்டிய துரைமார், கக்கூஸ் செலவு என்றதும் பின்வாங்கினார்கள். தொழிலாளிக்கோ, மருந்து குடிச்சுப் படுத்தால் அன்றைய சம்பளம் போச்சு.

இந்த அனுபவத்திலிருந்து வந்த முடிவுதான் பெரிசு. ஒரு நோய்க்கு ஒரு மருந்து என்று ஓடுவதை விட்டுவிட்டு, ஒரு பிரதேசத்தின் முழு ஆரோக்கியத்துக்கும் பொறுப்பான ஒரு நிரந்தர அணி வேண்டும்: ஒரு வைத்திய அதிகாரி, பரிசோதகர்கள், தாதி, மருத்துவமாதுகள். வீட்டுக்கு வீடு போகவேண்டும், கிணற்றைப் பார்க்கவேண்டும், பிரசவத்தைக் கவனிக்கவேண்டும், சொல்லிக் கொடுக்கவேண்டும். அப்படி இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் தொடங்கியது. இன்றைய எம்.ஓ.எச். ஒபிஸுக்கு அதுதான் மூலம். உலகமே இலங்கையைப் பாராட்டுகிற தாய் சேய் சுகாதாரம், 2016 செப்டெம்பரில் கிடைத்த மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ், எல்லாத்துக்கும் பின்னால் இந்த அணிதான் நிற்குது.

அந்த முதல் பிரிவு எங்கே தொடங்கியது? களுத்துறையில்.

களுத்துறை மக்களுக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை ஒண்ணும் இல்லை. அவங்களுக்கும் தேவைதான். ஆனால் கணக்கு கணக்குத்தான். மருந்து மட்டும் போதாது என்ற பாடத்தை மாத்தளைத் தொழிலாளியின் உடம்பில் கத்துக்கிட்டாங்க. அந்தப் பாடத்தில் பிறந்த முறை கிராமத்துக்கும் பட்டணத்துக்கும் போச்சு. தோட்டத்துக்கு வரல. தோட்டம் தனி ராஜ்ஜியம். அங்கே வைத்தியம் நிர்வாகத்தின் பொறுப்பு, டிஸ்பென்சரும் ஒரு போத்தல் மிக்ஸரும் போதும் என்று விட்டுவிட்டார்கள். 1948இல் குடியுரிமையே பறிபோன பிறகு, வாக்கு இல்லாத சனத்துக்கு மிட்வைஃப் அனுப்ப எந்த மந்திரிக்கு அவசரம்? எம்.ஓ.எச். ஆட்கள் லயத்துப் படி ஏற இன்னும் பல தசாப்தங்கள் ஆனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கிற வேலை 1990களில் தொடங்கி, இன்னும் இழுபட்டுக்கொண்டு இருக்கு.

ஆகவே மாமா, இது கை கழுவச் சொல்லிக் குடுக்குற வேலை இல்லை. நமக்கு வரவேண்டிய ஒரு பாக்கி.

சம்மதம் என்று ஒரு சொல்

"நம்ம ஆளுகளுக்கு விழிப்புணர்வு வேணும்" என்று சும்மா சொல்லிக்கிட்டுப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கு. தோட்டத்தில் சுகாதாரக் கல்வி வேலையே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு விஷயத்தில் மிக நல்லா நடந்தது. குடும்பக் கட்டுப்பாடு.

1980களில் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டவர்களுக்கு அரசு காசு கொடுத்தது. தோட்டப் பெண்கள் ஒப்பரேஷன் செய்துகொண்ட வீதம் நாட்டின் மற்ற பகுதிகளைவிட அதிகமாகப் போனது. பிள்ளையை அளவோடு பெறுவது பெண்ணின் உரிமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தற்காலிக முறைகள் என்னென்ன, எதில் என்ன பக்கவிளைவு, வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்றெல்லாம் தமிழில் உட்கார்ந்து விளக்கியது யார்? மாசச் செலவுக்குக் கஷ்டப்படுகிற வீட்டில் காசைக் காட்டிவிட்டுக் கேட்கிற சம்மதம் என்ன சம்மதம்?

தண்ணிக் குழாய்க்கு வராத வேகம் கருத்தடைக்கு எப்படி வந்தது என்று யோசிச்சால், யாருக்காக யார் கல்வி கொடுக்கிறார் என்பது விளங்கும். ஆளை ஒரு முடிவுக்குத் தள்ளுவது பிரசாரம். ஆள் தானே முடிவெடுக்க வேண்டிய தகவல், நேரம், வசதி எல்லாத்தையும் கொண்டு வந்து கொடுப்பதுதான் கல்வி. இந்தத் தொழிலுக்குப் போகிற பிள்ளை இந்த வித்தியாசத்தை நெஞ்சில் வச்சுக்கிட்டுப் போகவேண்டும். இல்லாட்டி நாமும் ஜாக்கெட் போட்ட இன்னொரு கங்காணிதான்.

வெற்றிலையை எடுத்துக்குவோம். புகையிலை போட்டு வெற்றிலை மெல்லுவது வாய்ப் புற்றுநோயில் கொண்டு விடும். பாக்கே புற்றுநோய் தரும் பொருள்தான். நம்ம பழக்கம் எல்லாம் சரி என்று வக்காலத்து வாங்க நான் வரல. ஆனால் விடியக்காலம் குளிரில், வெறும் வயித்தில், அட்டைக் கடியோடு மலையேறுகிற அம்மாவுக்கு அந்த வாய் வெற்றிலை எதுக்கு உதவுது என்று கேட்காமல் "விட்டுருங்க" என்றால் அவ சிரிச்சிட்டுப் போயிருவா. பசி அடங்குதா, குளிர் தெரியலையா, பல் வலி மறக்குதா, பக்கத்து நிரையில் நிற்கிறவளோடு பேச ஒரு சாக்கா? காரணத்துக்கு ஏற்ற மாதிரி வழியும் மாறும். காரணத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறதுதான் படிப்பு. அதுக்குத்தான் பயிற்சி வேணும், வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்யவேணும்.

எந்த பாஷையில்?

மாத்தளை மாவட்டத்தில் தமிழர் சுமார் பத்தில் ஒருவர். நுவரெலியா மாதிரி எண்ணிக்கையில் பலம் இல்லை. அதனால் இங்கே ஒரு தனிச் சிக்கல்: ஒபிஸில் ஒரு தமிழ் தெரிந்த ஆள் இல்லாவிட்டாலும் "ஆள் குறைவுதானே, சமாளிக்கலாம்" என்று நாட்கள் ஓடிவிடும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்பது 1987இலிருந்து அரசியலமைப்பில் இருக்கு. கிளினிக் சுவரில் இல்லை.

போர்டையும் போஸ்டரையும் மொழிபெயர்த்தால் முடிஞ்சு போகும் என்று நினைக்காதீங்க. மாவட்டத்தில் ஒரு கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) நான் பார்த்த தமிழ் நோட்டீஸை மூணு தரம் வாசிச்சும் எனக்கே விளங்கல. ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான். ஆனால் சிங்களத்திலிருந்து வார்த்தைக்கு வார்த்தை இழுத்து வந்து போட்டிருந்தது. அதைவிட முக்கியம், ஒரு கர்ப்பிணிப் பெண் தன் உடம்பைப் பற்றிக் கேட்கிற கேள்வியை நோட்டீஸ் கேட்காது. வெள்ளை படுவது, இரத்தம் போவது, புருஷன் அடிச்சது, பிரசவத்துக்குப் பிறகு மனசு சரியில்லாமல் அழுகை வருவது எல்லாத்தையும் இடையில் நின்று மொழிபெயர்க்கிற பக்கத்து லயத்துப் பையன் முன்னால் எந்தப் பெண் சொல்லுவாள்? சொல்லாமலே எழும்பி வந்திருவா. கார்டில் "பிரச்சினை இல்லை" என்று விழும்.

சிங்களம் பேசுகிற மிட்வைஃப் அக்காமார் மேல இது குற்றச்சாட்டு இல்லை. வாகனம் போகாத டிவிஷனுக்கும் நடந்தே ஏறி, அரைகுறைத் தமிழில், கையால சைகை காட்டி வேலை செய்கிறவங்க எத்தனையோ பேர். சுமார் 3000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பதுதான் வழமையான அளவு. அதே அளவைப் பக்கத்துப் பக்கத்தில் வீடு உள்ள டவுனுக்கும், மலைக்கு மலை லயம் சிதறிக் கிடக்கிற தோட்டத்துக்கும் வைப்பது அந்த அக்காவுக்கும் அநியாயம், நமக்கும் அநியாயம்.

சேவை என்ற பெயரில் ஓசி வேலை

அப்போ யார் செய்வது? இந்தக் கேள்வி வந்ததும் எல்லாரும் நம்ம இளைஞர்களைத்தான் பார்ப்பாங்க. "தொண்டரா வாங்க தம்பி, சமூகத்துக்கு ஒரு சேவை." டீ-சேர்ட் ஒண்ணு, சேர்டிஃபிகட் ஒண்ணு, சாப்பாட்டுப் பார்சல் ஒண்ணு. புரொஜெக்ட் முடிஞ்சதும் ஒபிஸையும் மூடிக்கிட்டுப் போயிருவாங்க. எடை நிறுத்த பிள்ளைகளின் கணக்குப் புத்தகமும் அவங்களோடயே போயிரும்.

இதில் ஏமாறாதீங்க. இந்தியாவைப் பாருங்க. அங்கே 2005இலிருந்து ஆஷா என்ற பெயரில் லட்சக்கணக்கான பெண்கள் கிராமத்துக் கிராமம் சுகாதார வேலை செய்கிறார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதே கொடுத்தது. ஆனால் அரசின் பார்வையில் அவர்கள் தொண்டர்கள். கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. கேரளத்தில் 2025 பெப்ரவரி 10ஆம் திகதி அவர்கள் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். மாதம் 7000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கு என்று கேட்டு மழையிலும் வெயிலிலும் கிடந்தார்கள். கை தட்டுவதற்கு எல்லாரும் வந்தாங்க. காசு என்றதும் ஒருத்தர் மற்றவரைக் கையைக் காட்டினாங்க.

நம்ம பக்கத்துலயும் அதே கதைக்குச் சின்ன உருவம் இருக்கு. பிள்ளைக்காம்பரா ஆயம்மா. காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், வயித்தாலடி எல்லாம் அவ கையில. எந்தப் பிள்ளை எடை கூடல, எந்த வீட்டில் அடுப்பு எரியல என்பது அவளுக்குத்தான் முதல்ல தெரியும். தோட்டத்தின் முதல் சுகாதார உத்தியோகத்தர் அவதான். அவளுக்கு அந்தப் பெயரும் இல்லை, அந்தச் சம்பளமும் இல்லை. பயிற்சியும் பதவி உயர்வும் கொடுத்து அவளை இந்தத் தொழிலின் முதல் படியில் நிறுத்தினால் பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

போகணும்னா எப்படிப் போவது?

சரி, கோபம் போதும். வழியைப் பார்ப்போம்.

ஒன்று, குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நாம மிட்வைஃப் என்று சொல்லுற வேலை. பெண்களுக்கான பதவி. பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. இரண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. இதற்கு ஏ/எல் விஞ்ஞானப் பிரிவு கேட்பது வழக்கம். தகுதிகள் ஒவ்வொரு ஆட்சேர்ப்பிலும் கூடிக் குறையும். கெசட்டை ஒழுங்காகப் பாருங்க. மூன்று, டிகிரி. மிகிந்தலையில் இருக்கிற ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் சுகாதார மேம்பாட்டுக்கென்றே ஒரு சிறப்புப் பட்டம் இருக்கு. இங்கிலிஷ் மீடியம். மாத்தளையிலிருந்து ஏ9 பாதையில் வடக்கே போனால் மிகிந்தலை வரும். பழைய ஆட்கள் மன்னாரிலிருந்து நடந்து வந்த அந்தத் திசைதான். நான்கு, சுகாதாரக் கல்வி உத்தியோகத்தர். மாவட்ட மட்டத்திலும் கொழும்பில் இருக்கிற சுகாதார மேம்பாட்டுப் பணியகத்திலும் இந்த வேலை இருக்கு. போஸ்டரும் வீடியோவும் எந்தத் தமிழில் வருது என்பதைத் தீர்மானிக்கிற இடம் அது.

இப்போ கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மிட்வைஃபும் பி.எச்.ஐ.யும் அரச நியமனம். ஆனால் சுகாதார மேம்பாட்டு டிகிரி முடிச்சவருக்கு டாக்டருக்கு இருப்பது மாதிரி நிச்சயமான அரச நியமன வழி கிடையாது. அப்ளிகேஷன் போட்டுக் காத்திருக்கவேணும், இடையில் என்.ஜி.ஓ. வேலை பார்க்கவேணும். வீட்டுக் கடனோடு படிச்ச பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. "சமூகத்துக்காக அட்ஜஸ்ட் பண்ணு" என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

அதைவிட முதல் வாசலே பூட்டிக் கிடக்குது. இந்த வழிகளில் பாதிக்கு விஞ்ஞானப் பாடம் வேணும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளில் ஏ/எல் விஞ்ஞானப் பிரிவு மிக அரிது. பாக்கியம் கல்லூரி, இந்துக் கல்லூரி எல்லாம் மாத்தளை டவுனில் இருக்கு. கம்மடுவையில் இருக்கிற பிள்ளை பயோ படிக்கணும்னா டவுனுக்கு வரணும். பஸ் காசு, டியூஷன் காசு, போர்டிங் காசு. அந்த இடத்திலேயே பாதிப் பேர் கலைப்பிரிவுக்குத் திரும்பிருவாங்க. பிறகு கெசட் வரும்போது, "தமிழ் தெரிந்த விண்ணப்பதாரர் போதவில்லை" என்று சொல்லுவாங்க. கதவையும் பூட்டி, ஆள் வரலைன்னு குறையும் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆகவே நாம கேட்கவேண்டியது கூட்டமும் கேம்பும் இல்லை. இதைத்தான் கேட்கணும்: தோட்டங்கள் அடங்கிய எம்.ஓ.எச். பிரிவுகளில் தமிழில் வேலை செய்யக்கூடிய மிட்வைஃபும் பி.எச்.ஐ.யும். ஆள் எண்ணிக்கையோடு மலையின் தூரத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு ஒதுக்கீட்டு முறை. ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துப் பிள்ளை தினமும் போய்வரக்கூடிய இடத்தில் தமிழ் மீடியம் ஏ/எல் விஞ்ஞானம். சுகாதார மேம்பாட்டுப் பட்டதாரிக்குத் தோட்டச் சுகாதாரத்தில் ஒரு நிரந்தரப் பதவி. பிள்ளைக்காம்பரா ஆயம்மாவுக்குப் பயிற்சியும் தரமும். தேர்தல் வந்தால் நம்ம தலைவர்மார் வீடு, சம்பளம் இரண்டையும் பேசுவாங்க. பேசட்டும், அதுவும் ஆரோக்கியம்தான். ஆனால் மாத்தளைக்கு எத்தனை தமிழ் மிட்வைஃப் வெற்றிடம் இருக்கு என்று அவங்களைக் கேட்டுப் பாருங்க. பதில் தெரியாமல் முழிப்பாங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்குது. நாமே ஒரு கடிதம் போட்டுக் கேட்கலாம்.

இதை வாசிக்கிற தங்கச்சி, தம்பி யாராவது பயோ செய்துகொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். டாக்டராக வந்தால் சந்தோஷம், கட்டாயம் வாங்க. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போது சுகாதார மேம்பாடு என்ற வரியைத் தாண்டிப் போகாதீங்க. அடுத்த மிட்வைஃப் கெசட் வரும்போது அதை வட்ஸ்அப்பில் ஃபோர்வர்ட் பண்ணிட்டு விட்டுராதீங்க. லயத்தில் ஏ/எல் முடிச்சுச் சும்மா இருக்கிற அக்காவைப் பக்கத்தில் உட்கார வச்சு ஃபோர்மை நிரப்பிக் குடுங்க. படிச்சு முடிச்சு வேலைக்குப் போன பிறகு தோட்டத்துக்கு வரும்போது மைக் கொண்டு வராதீங்க. முதல்ல குழாயடிக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் நடந்து போய்ப் பாருங்க. அங்கே இருக்கிறவங்க சொல்றதை எழுதிக்குங்க. அதை எடுத்துக்கிட்டு நேரே தோட்ட ஒபிஸுக்குப் போங்க.